பத்தரை மணிக் காட்சி

ஹமில்டனில் மூன்று நாளாய் உறைபனி.
தியேட்டர் வாசலில் அசும்தா அக்காவும் ஆட்களும்
கையுறை போட்ட விரல்களால்
செபமாலை மணிகளைத் தவறவிடுகிறார்கள்.
இது மூன்றாம் தேவ இரகசியமா நான்காமதா என்று
நடுவில் ஒரு சின்ன வாக்குவாதம்.
'குருக்களை அவமதிக்காதே' என்ற அட்டை
ஈரத்தில் நடுவே மடிந்து கிடக்கிறது.

நான் பின்கதவால் வேலைக்குப் போகிறேன்,
கண் மட்டும் தெரிய ஸ்காஃப் சுற்றி.
மணித்தியாலத்துக்குப் பதினேழு டொலர் இருபது சதம்;
விசுவாசத்துக்கென்று அதில் ஒன்றும் கழிப்பதில்லை.

படத்தை நான் முழுதாய்ப் பார்க்கவில்லை.
அரைமணிக்கொருக்கால் டோர்ச்சோடு உள்ளே போய்
ஒரு நிமிடம் நிற்பது என் வேலை.
நிமிடம் நிமிடமாய்ப் பார்த்ததில்
ஒரு சுவாமி குடிக்கிறார்.
ஒருவர் ஒரு விதவையின் குசினியில்
வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டு அழுகிறார்
(பாவம், நல்ல மனுசன்).
ஒருவரின் கை ஒரு பொடியனின் தோளில் இருக்கிறது.
அவ்வளவுதான். கை. தோள்.
நாலாமவர் மேசையில் இருந்து
அந்தக் கைக்கு மாற்றல் கடிதம் எழுதுகிறார்.
அழகான கையெழுத்து.

வேலைக்காரருக்கென்று இரண்டு இலவச ரிக்கற் தந்தார்கள்.
தம்பியைக் கேட்டேன்.
உருக்காலை இரவு வேலைக்குச்
சாப்பாடு கட்டிக்கொண்டு நின்றான்.
"எனக்குத் தெரிஞ்ச கதைதானே அக்கா" என்றான்,
பெட்டியின் மூடியை இறுக்கியபடி.

பதினொரு வயதில்
பீடப்பையன் உடுப்பைக் கிணற்றுக்குள் எறிந்தவன்.
அம்மா பூவரசங்கம்பால் விளாசினா.
நான் வாளி விட்டு அதை எடுத்துக்
கசக்கிப் பிழிந்து காயப்போட்டேன்.
ஏனென்று ஒருவரும் கேட்கவில்லை.
காய்ந்த உடுப்பு அடுத்த ஞாயிறு
வேறொரு பொடியனுக்குப் போனது.

போன ஞாயிறு பூசையில்
பிலேந்திரன் சுவாமி ஆயரின் சுற்றுமடலை வாசித்தார்:
இப்படத்தைப் பார்ப்பது ஆன்மாவுக்குக் கேடு.
முற்றுப்புள்ளியையும் சேர்த்து வாசித்தமாதிரி இருந்தது.

வெள்ளி இரவு, பத்தரைக் காட்சிக்கு ஆறு பேர்.
கடைசி வரிசையில் கம்பளித் தொப்பி,
வெள்ளைப் பட்டி இல்லாத கழுத்து.
வியாழனும் வந்தவர். புதனும்.
முதியோர் கழிவில் ரிக்கற்.
கடிதம் எழுதும் இடம் வந்தால்
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார்,
உறையை ஒட்டி முடிக்கும் வரைக்கும் துடைக்கிறார்.

பெயர்கள் ஓடி முடிந்தன. விளக்கைப் போட்டேன்.
அவர் எழும்பவில்லை.
முழங்காலில் நின்று அந்தக் கம்பி வலைக்கு
நான் சொன்ன பாவங்களில் பாதி இட்டுக்கட்டியவை.
அங்கே எனக்கு அவருடைய காது மட்டும்தான் தெரியும்.
இங்கே முழு மனிதர்;
சப்பாத்தின் ஓரத்தில் உப்புக்கறை.
அதைச் சுற்றிச் சிந்திய பொப்கோர்னைக் கூட்டினேன்.
சின்னப்பிள்ளை மாதிரி
இரண்டு காலையும் தூக்கித் தந்தார்.

"இஞ்ஞாசி சுகமோ, பிள்ளை?"

ஆறு வருடமாய் இந்தப் பங்கில் பூசை காண்கிறேன்.
எனக்கொரு தம்பி இருக்கிறதென்று
ஒருநாளும் அவருக்குச் சொன்னதில்லை,
பாவசங்கீர்த்தனத்திலும்.

தூக்கிய கால்களை அவர் இறக்கவில்லை.
"பூட்டப் போறம், சுவாமி" என்றேன்.
அதுதான் நான் சொன்னது.
வேறு ஆரும் என்றால் வேறு ஏதும் கேட்டிருப்பார்கள்.

காலை ஏழு மணிக்குத் தம்பி வந்தான்.
சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவிக்கொண்டு நிற்கையில்
"ஒராள் உன்னைச் சுகம் கேட்டவர்" என்றேன்.

ஆரென்று அவன் கேட்கவில்லை.
குழாயை இன்னும் பலமாய்த் திறந்துவிட்டான்.